பொத்தானை அமத்த முதல்

கார் வாங்கிட்டன் என்று அண்ணா போனில் சொன்ன நேரம் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தினை கதவு?"

ரெண்டு என்றார் அண்ணா. அம்மா போனை எங்கட கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா. ரெண்டு கதவுக் காரில் கோயிலுக்குப் போறதெண்டால் பின்னால ஆர் ஏறுறது, எப்பிடி ஏறுறது என்பதுதான் அவவின்ர கவலை. அந்தக் கவலை எவ்வளவு சரி என்று எங்களுக்குப் பிறகுதான் விளங்கினது.

ஒன்பது வருசம் கட்டாரில் வேலை செய்த காசில் அண்ணா வாங்கினது 2011ஆம் ஆண்டு ஹொண்டா சி.ஆர்.-இசட். வெள்ளை நிறம், ஓட்டோ கியர். கொழும்பில் ஒருவரிட்ட இருந்து வாங்கி, தானே ஓடிக்கொண்டு வந்து முத்தத்தில் நிப்பாட்டினார். நாங்கள் ஊரெல்லாம் "புதுக் கார்" என்று சொன்னோம். எங்கட நாட்டில் புதுசு என்ற சொல்லுக்குக் கணக்கு வேற. ஜப்பானில் ஒருவர் ஓடி முடிச்சு, ஏலத்தில் போய், கப்பலில் வந்து இறங்கினால் அது புதுசு. அதை இங்க இன்னொருவர் பத்து வருசம் ஓடி எங்களுக்கு வித்தால் அதுவும் புதுசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தவை. அந்த அஞ்சு வருசமும் நாட்டுக்குள்ள கிடந்த கார்கள் கைமாறிக் கைமாறி ஒவ்வொரு வீட்டிலும் புதுசாகிக்கொண்டு இருந்தன.

கார் விசயம் தெரிஞ்ச பெடியள் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிரிப்பினம். 1.5 லீற்றர் எஞ்சின், அதோட சின்ன மின் மோட்டர், நூறு கிலோமீற்றர் வேகத்தைப் பிடிக்கப் பத்துச் செக்கனுக்குக் கிட்ட எடுக்கும். ஆனால் ஆள் பார்க்க ஸ்போர்ட்ஸ் கார்தான். தாழ்ந்து, அகண்டு, பின்பக்கம் வெட்டி விட்ட மாதிரி. 2010இல் ஜப்பானில் வந்தபோது அந்த ஆண்டின் சிறந்த கார் என்ற விருதையும் வாங்கியிருக்கு. எங்கட ஒழுங்கைக்கு அது காணும்.

அண்ணா ஒரு மாத லீவு முடிஞ்சு திரும்பிப் போகும்போது காரை அப்பாவிடமும், அதின்ர "செற்றிங்ஸ்" எல்லாத்தையும் எங்களிடமும் தந்துவிட்டுப் போனார். நாங்கள் என்றால் அக்காவும் தம்பியும். ஒருத்தி பல்கலைக்கழகம் முடிச்சு வேலை தேடுறாள், மற்றவன் ஏ.எல். எடுத்துவிட்டு றிசல்ட் பார்த்துக்கொண்டு இருக்கிறான். ரெண்டு பேரிட்டயும் நேரம் நிறைய இருந்தது. விமான நிலையத்தில இருந்தே அண்ணாவின் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. ஜப்பான் பாசையை மாத்துங்கோ, றேடியோவைச் சரிசெய்யுங்கோ, என்ர போனை அழிச்சு உங்கட போன்களை இணையுங்கோ, அந்தப் பொம்பிளைக் குரலை நிப்பாட்டுங்கோ.

அந்தக் குரலைப் பற்றி முதலில் சொல்லவேணும். திறப்பைத் திருப்பினவுடன் ஒரு ஜப்பான் பெண் மிக மரியாதையாக ஏதோ சொல்லுவா. ஜப்பான் கார் ஓடுற ஆக்களுக்கு இந்தக் குரல் பழக்கம். கனபேர் அது வணக்கம் சொல்லுது என்றுதான் நினைக்கிறவை. அப்பாவும் அப்பிடித்தான். "பிள்ளை கும்பிட்டுத்தான் தொடங்குது" என்று அவருக்கு அதில ஒரு சந்தோசம். கூகிளில் ஒலியைப் பிடிச்சுப் பார்த்தோம். அவ சொன்னது, "ஈ.ரீ.சி. அட்டை செருகப்படவில்லை." ஜப்பானில் அதிவேக வீதிகளில் நிக்காமல் காசு கட்டுற கருவிக்கான அட்டை. ஜப்பானில் ஆரோ தன்ர அட்டையை இழுத்துக்கொண்டு போன நாளில இருந்து, பத்து வருசத்துக்கு மேலாக, ஒவ்வொரு காலமையும் அவ அதையேதான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறா. அப்பாவுக்குச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுவிட்டு, "அது கிடக்கட்டும், நிப்பாட்டவேண்டாம்" என்றார். அந்த ஒரு வேலை அதோட முடிஞ்சுது.

மற்ற வேலைகள் அப்பிடி இலேசில் முடியவில்லை. போன் கமராவைத் திரைக்கு நேரே பிடிச்சு எழுத்துகளை மொழிபெயர்த்துப் பார்த்தோம். ஒருக்கால் "அமைப்புகள்" என்று வரும், கையைக் கொஞ்சம் அசைத்தால் அதே சொல் "திருமண ஏற்பாடு" என்று மாறும். பிறகு கையேடு தேடினோம். இணையத்தில் ஆங்கிலக் கையேடு இலவசமாகக் கிடக்கு, ஆனால் அதிலும் ஒரு சிக்கல். அமெரிக்காவில் வித்த காருக்கு இடப்பக்கம் ஸ்ரேரிங், பின் இருக்கையே இல்லை. இங்கிலாந்தில் வித்ததுக்கு எங்கட மாதிரி வலப்பக்க ஸ்ரேரிங், பின் இருக்கையும் இருக்கு, ஆனால் கைக் கியர் மட்டும். எங்கட காரோ வலப்பக்க ஸ்ரேரிங், ஓட்டோ கியர், பின் இருக்கை. ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைச்சு, அதில பாதி இதில பாதி படிச்சால்தான் எங்கட கார் வரும். முழுசாகப் படிக்கவேணும் என்று அப்ப எங்களுக்குத் தோன்றவில்லை. தேவையான பொத்தானை மட்டும் தேடினோம். மிச்சத்துக்கு யூரியூப் இருந்தது.

வழிகாட்டித் திரையில் இலங்கை இல்லை. ஜப்பான் வரைபடம் மட்டும்தான். எங்கட கார் இருக்கிற இடத்தைக் காட்டுற அம்புக்குறி வெறும் வெளியில் தனிய நிண்டது. கோண்டாவிலில் ஓடினாலும் சுன்னாகத்தில் ஓடினாலும் ஒரே வெளிதான். பக்கப் பட்டியலில் ஒரு வீட்டுப் படம் இருந்தது. அதை அமத்தினோம். வரைபடம் நகர்ந்து போய் ஜப்பானில் எங்கேயோ ஒரு சின்ன ஊரில், ஆத்தங்கரைக்குப் பக்கத்தில் ஒரு தெருவில் நிண்டது. முதல் ஓடினவர் பதிஞ்சு வைச்ச வீடு. கொழும்பில் ஓடினவர் அதைத் தொடவே இல்லை. தொலைபேசிப் பட்டியலைத் திறந்தால் அதில கொழும்புக்காரரின்ர ஆக்கள் இருந்தார்கள். ஒருவரின்ர பெயர் வெறும் "அம்மா" என்று ஆங்கில எழுத்தில். எல்லாத்தையும் அழிச்சோம். கார் வாங்கிற ஆக்களும் விக்கிற ஆக்களும் இதைக் கட்டாயம் செய்யவேணும், ஒருவரும் செய்யிறதில்லை. வீட்டை அழிக்கும்போது "நிச்சயமா?" என்று திரை கேட்டது. அக்கா ஓம் என்று அமத்தினாள், தம்பி கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்றான். ஏன் என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

றேடியோவில் அப்பா எங்களை மடக்கினார். ஜப்பானில் எப்.எம். 76இல் தொடங்கி எங்கட காரின்ர காலத்தில் 90இல் முடியும். எங்கட நிலையங்கள் பெரும்பாலும் அதுக்கு மேல. அதனால் அன்ரெனா வயருக்கும் செற்றுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி பூட்டுறவை, அது வாற அலைவரிசையை எல்லாம் ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கித் தரும். எங்கட பெட்டி 15 இறக்கும். நாங்கள் ஒவ்வொரு நிலையமாகத் தேடித் தேடி அரை மணித்தியாலம் இருந்தோம். அப்பா யன்னலுக்குள்ளால தலையை விட்டு, "எவ்வளவு இறக்குது?" என்று கேட்டார். சொன்னோம். "அப்ப தொண்ணூத்தெட்டு, எண்பத்துமூண்டில கிடக்கும்." கிடந்தது. ஒவ்வொரு நிலையத்தையும் மனக்கணக்கில் சொல்லிக்கொண்டு போக, நாங்கள் பதிஞ்சோம். 1990களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலம் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்ட மனுசன். செய்தி முடியும் மட்டும் சுத்திற கை நிக்கக்கூடாதாம்.

அப்ப நாங்கள் சிரிச்சுக்கொண்டு கேட்டோம். அதுக்குப் பிறகும் அவரிட்டப் பொத்தான்களை விளங்கப்படுத்தவேணும் என்று நினைக்கவில்லை.

இடையில் ஒரு முட்டாள்வேலையும் செய்தோம். ஒரு காணொளியில் சொன்னான் என்று பற்றரி வயரைக் கழட்டிப் பூட்டினோம், செற் புதுசாகத் தொடங்குமாம். தொடங்கினது, கடவு எண் கேட்டது. யன்னல் ஒரு தட்டில் ஏறுறதும் நிண்டுபோச்சு. யன்னலுக்கு வழி இருந்தது. முழுக்க இறக்கி, திரும்ப ஏத்தி, மேலே முட்டின பிறகும் சுவிட்சை ரெண்டு செக்கன் இழுத்துப் பிடிக்கவேணும், அப்பதான் அது தன்ர எல்லையைத் திரும்பப் படிக்கும். செற்றுக்கு வழி தெரியாமல் கடையொன்றில் கொண்டுபோய்க் கொடுத்து, நாலு நாளும் காசும் போய், பதிஞ்ச நிலையங்களும் போய்த் திரும்பி வந்தது. அப்பா திரும்ப மனக்கணக்குச் சொன்னார்.

கடைசியில் எங்களுக்கு மிகப் பிடித்த பகுதி. ஸ்ரேரிங்குக்கு அடுத்ததாக மூன்று பொத்தான்கள். ஸ்போர்ட், நோர்மல், ஈக்கோன். ஸ்போர்ட்டை அமத்தினால் நடுவில் இருக்கிற வட்டம் சிவப்பாகும், ஸ்ரேரிங் இறுகும், காலை வைச்சவுடன் மோட்டர் கூடத் தள்ளும். ஈக்கோனில் எல்லாம் சாந்தம், ஏ.சி.யும் கொஞ்சம் சோம்பல்படும். இதமாக ஓடினால் வட்டம் பச்சையாகும். இருட்டில் மூன்று நிறத்தையும் மாத்தி மாத்தி வீடியோ எடுத்து, பாட்டும் போட்டு ஏத்தினோம். லைக் நிறைய வந்தது. அண்ணா டோகாவில இருந்து நெருப்புப் படம் போட்டார்.

அப்பாவை இருத்திக் காட்டினோம்.

"இது எதுக்கு?"

"அது ஸ்போர்ட், அப்பா."

"அதில என்ன நடக்குது?"

"கார் ஸ்போர்ட்டா ஓடும்."

அப்பா எங்களைப் பார்த்தார். வேற ஒண்டும் கேட்கவில்லை. ஈக்கோன் பொத்தானை நாங்களே அமத்தி வைச்சோம், பெற்றோல் மிச்சம் வரும் என்று. அதோட அப்பாவுக்கான செற்றிங் முடிஞ்சுது என்று நினைத்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வெளிக்கிட்டோம். அப்பா ஓட, அம்மா முன்னுக்கு, நாங்கள் பின்னுக்கு. அந்தப் பின் இருக்கையை இருக்கை என்று சொல்லுறது ஒரு மரியாதைக்குத்தான். முழங்கால் நெஞ்சில் முட்டும், தலை கண்ணாடியில் முட்டும். இறங்கவேணும் என்றால் முன்னால இருக்கிற ஆள் இறங்கி, இருக்கையை மடக்கி விடவேணும்.

வழியில் ஒரு புகையிரதக் கடவை. 1990இல் நிண்ட ரயில் 2014 ஒக்ரோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, கொஞ்ச மாதத்தில் காங்கேசன்துறை வரைக்கும் போனது. எங்கட பக்கத்துக் கடவைகளில் சனம் இன்னும் முழுசாகப் பழகவில்லை. முன்னால் போன லான்ட்மாஸ்ரர் கடவையைத் தாண்டினவுடன் எதிரில் வந்த வாகனத்துக்காக நிண்டது. அதுக்குப் பின்னால் போன அப்பாவும் பிரேக்கை மிதித்தார். எங்கட முன்சில்லு தண்டவாளத்தைத் தாண்டியிருந்தது, பின்சில்லு தாண்டவில்லை.

அப்ப எஞ்சின் நிண்டது.

அது பழுது இல்லை. கார் நிக்கும்போது எஞ்சினைத் தானாக நிப்பாட்டிப் பெற்றோலை மிச்சம் பிடிக்கிற வசதி அது. பிரேக்கில் இருந்து காலை எடுத்தால் ஒரு கண் வெட்டுக்குள்ள எஞ்சின் திரும்ப எடுக்கும். எங்களுக்கு அது தெரியும். அண்ணா ஓடும்போது நாலைஞ்சு தரம் பார்த்திருக்கிறோம், வடிவான வேலை என்று சொல்லியிருக்கிறோம். அதுக்கு அமத்த ஒரு பொத்தானும் இல்லாதபடியால் எங்கட செற்றிங் பட்டியலில் அது வரவே இல்லை. அப்பாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதுவரைக்கும் அவர் ஓடினது கடைக்கும் வீட்டுக்கும், அந்தக் குறுகின ஓட்டத்தில் எஞ்சின் சூடாக முதலே வீடு வந்துவிடும். சூடாகாத எஞ்சினை அது நிப்பாட்டாது.

"நிண்டுட்டுது" என்றார் அப்பா. திறப்பை முழுக்க நிப்பாட்டித் திரும்பத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. திரும்பவும். ஒண்டும் இல்லை. கியர் 'டி'யில் இருக்கும்போது திறப்பால் ஸ்ரார்ட் வராது, 'பி' அல்லது 'என்' இல் இருக்கவேணும். அதுவும் எங்களுக்குத் தெரியும். பின்னால இருந்து ஒரே நேரத்தில் கத்தினோம். ஒருத்தி "நியூட்ரல், நியூட்ரல்" என்றாள், மற்றவன் "பிரேக்கை விடுங்கோ" என்றான். ரெண்டையும் கேட்ட அப்பா பிரேக்கை இன்னும் இறுக்கி மிதித்தார். ஸ்ரேரிங்கைப் பிடிச்சிருந்த கை நடுங்கினது எங்களுக்குப் பின்னால இருந்து தெரிஞ்சது. பின்னுக்கு ஹோன் அடிச்சினம். அம்மா கதவைத் திறந்து இறங்கி, இருக்கையை எப்பிடி மடக்கிறது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டு நிண்டா.

பின்னால வந்த ஓட்டோ அண்ணையும் இன்னும் ரெண்டு பேரும் ஓடிவந்தினம். அப்பா ஒருமாதிரி நியூட்ரலுக்கு மாத்தினார், அவை தள்ளி விட்டினம். முழுக்க ஒரு ரெண்டு நிமிசம் இருக்கும். ரயில் வரவில்லை. கடவைக்கு அங்கால ஒரு கடையில் சோடா குடிச்சுக்கொண்டு நிக்கும்போதுதான் வந்தது. நாங்கள் நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நிண்டோம், கடைசிப் பெட்டி போகும் மட்டும் ஒருவரும் கதைக்கவில்லை.

வீட்டை வந்து அப்பா திறப்பை அம்மாவிடம் கொடுத்தார். "உதை வித்துப்போட்டு ஒரு வானை வாங்கச் சொல்லு அவனை."

அண்டைக்கு இரவு அண்ணாவுக்குச் சொன்னோம். அவர் பதறிப்போனார், பிறகு ஆறுதலாக, "அப்பாக்கு வயசு போட்டுது, இனி ஓட விடாதேங்கோ" என்றார். நாங்கள் ஓம் என்றோம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா திண்ணையில் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கையிலிருந்த விசிறி நிண்டுபோச்சு.

முப்பது வருசத்துக்கு மேல வாடகைக் கார் ஓடின மனுசன். சத்தத்தைக் கேட்டு எந்தப் பிளக் வேலை செய்யவில்லை என்று சொல்லுவார். அவருக்கு வயசு போனதால் அந்தக் கார் தண்டவாளத்தில் நிக்கவில்லை. எங்களுக்குத் தெரிஞ்ச ரெண்டு வசனத்தை நாங்கள் சொல்லாததால் நிண்டது. இதை அண்ணாவுக்குச் சொல்ல எங்களுக்கு மூண்டு நாள் எடுத்தது. ஏனென்றால் "வயசு போட்டுது" என்பது எல்லாருக்கும், முக்கியமாக எங்களுக்கு, வசதியான விளக்கமாக இருந்தது.

அப்பா ரெண்டு கிழமை காரைத் தொடவில்லை. கடைக்குச் சைக்கிளில் போனார். அந்த ரெண்டு கிழமையில்தான் நாங்கள் கையேடு ரெண்டையும் முதல் பக்கத்தில இருந்து படிச்சோம். அதுவரைக்கும் செற்றிங் என்று நாங்கள் செய்ததெல்லாம் எங்கட போனில் செய்யிற வேலைகள்தான். பாசை, நிறம், பாட்டு, புளூடூத். நிக்கிறதைப் பற்றியும் வழுக்கிறதைப் பற்றியும் ஒரு பக்கமும் புரட்டியிருக்கவில்லை. சில்லு வழுக்காமல் பார்க்கிற ஒழுங்கை நிப்பாட்டிற பொத்தான் ஒண்டு இருக்கு. வீடியோவுக்காக ஒருநாள் அதையும் அமத்திப் பார்த்திருக்கிறோம், மழை பெய்து கிடந்த வீதியில். அந்தப் பக்கத்தைப் படிச்ச நேரம் ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். செம்மஞ்சள் நிற வயர்கள் நூறு வோல்ற், தொடக்கூடாது என்பதையும் அப்பதான் படிச்சோம். பற்றரியைக் கழட்டின வீரர்கள் நாங்கள்.

ஒரு பின்னேரம் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தோம். மன்னிப்புக் கேக்கிற பழக்கம் எங்கட வீட்டில் இல்லை. கையேட்டின்ர படத்தைக் காட்டி, எஞ்சின் ஏன் நிண்டது என்று தொடங்கினோம். முதலில் அவர் முற்றத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கேட்டார்.

"நிண்டது சரி. திரும்ப எடுக்கேக்கை ஸ்ரார்ட்டர் சத்தம் கேக்கவேணுமே. ஏன் கேக்கேல்லை?"

இதுக்கு எங்களிடம் இப்ப பதில் இருந்தது. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில் தட்டையாக ஒரு மின் மோட்டர் இருக்கு, அது எஞ்சினின்ர தண்டோடயே பூட்டியிருக்கு. நிண்ட எஞ்சினை அதுதான் சுத்தி விடுது, அதாலதான் வழக்கமான ஸ்ரார்ட்டர் சத்தம் இல்லை. வேகம் கூட்டேக்கை அதே மோட்டர் எஞ்சினுக்குத் துணையாகத் தள்ளும். பிரேக் பிடிக்கேக்கை சில்லு அதைச் சுத்த, அது கரண்ட் எடுத்துப் பின்னால இருக்கிற பற்றரிக்கு அனுப்பும்.

அப்பா நிமிர்ந்து இருந்தார். "அப்ப டைனமோவும் அதுதான், ஸ்ரார்ட்டரும் அதுதான்."

"ஓம் அப்பா."

"உதை அண்டைக்கே சொல்லியிருந்தா முடிஞ்சுது."

பிறகு அவர் சொன்னதை நாங்கள் அதுவரை முழுசாகக் கேட்டதில்லை. பொருளாதாரத் தடைக் காலம் பெற்றோல் இல்லை. அப்பா ஓடின ஒஸ்ரின் ஏ-40 மண்ணெண்ணெய்யில் ஓடினது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பத்தாது. அதனால் கொஞ்சம் பெற்றோல் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தவேணும். அந்தக் கொஞ்சம் என்பது ஒரு சின்னப் போத்தலில், சொட்டுக் கணக்கில். வழியில் எஞ்சின் நிண்டால் அந்தச் சொட்டில ஒரு பங்கு போச்சு. போத்தல் காலியென்றால் தள்ளவேண்டியதுதான். "பிள்ளைப்பேறுக்கு ஏத்திக்கொண்டு போனா, ஆஸ்பத்திரி வாசல்லயும் எஞ்சினை நிப்பாட்டமாட்டன்" என்றார். "நிண்டா அடுத்த ஆளை ஏத்த எடுக்குமோ எண்டு தெரியாது."

எஞ்சின் நிக்கிறது எங்களுக்கு ஒரு வடிவான வசதி. அவருக்கு அந்தச் சத்தமில்லாமை என்ன என்று அப்பதான் எங்களுக்குப் பட்டது. கடவையில் நடுங்கின கை இதுதான்.

அடுத்த நாள் விடிய கோயில் வீதியில் ஆள் இல்லாத நேரம் காரைக் கொண்டுபோனோம். முதலில் எஞ்சினைச் சூடாக்க நாலு சுத்து. பிறகு பிரேக், எஞ்சின் நிக்கும், மீற்றரில் பச்சை வெளிச்சம் மின்னும், காலை எடுக்க எஞ்சின் எடுக்கும். இருபது தரம் செய்வித்தார். நாங்கள் செய்வித்தோம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் ரெண்டாவது தரத்துக்குப் பிறகு அவர்தான் ஆசிரியர். "இப்ப நான் திறப்பை நிப்பாட்டிப்போட்டன், கியர் டியில. என்ன செய்யவேணும், சொல்லுங்கோ பாப்பம்." சொன்னோம். "ஒராள் சொல்லுங்கோ. ரெண்டு பேரும் கத்தினா ஓடுறவனுக்கு விளங்காது." பிறகு எங்களைப் பின்னால ஏத்தி, அம்மாவை இருக்கையை மடக்கப் பழக்கினார். கடவைக்குள்ள, முன்னால எங்கட காருக்கு இடம் இருக்கு எண்டு தெரியாமல் ஏறினது தன்ர பிழை என்று அவர் தானாகவே சொன்னார். அந்த ஒரு பிழையை எங்களுக்குத் தர அவர் விடவில்லை.

ஈக்கோனை அவரே எடுத்துவிட்டார். "ஏ.சி. சூடா வருகுது, மிச்சம் பிடிச்சது காணும்." ஸ்போர்ட்டை ஒருக்கால் அமத்திப் பார்த்தார். வட்டம் சிவப்பாக, ஸ்ரேரிங் இறுகினதைக் கையில் உணர்ந்து, "ஓ, இதுதானே" என்றுவிட்டு நோர்மலுக்கு வந்தார். நாங்கள் "கார் ஸ்போர்ட்டா ஓடும்" என்று சொன்னதை ஞாபகப்படுத்திச் சிரிக்கவில்லை. அது பெரிய மனசு.

இப்ப அப்பா தினமும் ஓடுறார். அதே கடவையாலதான் கோயிலுக்குப் போறோம். காலமையில் ஜப்பான் பிள்ளை அட்டை இல்லை என்று சொல்லும், அப்பா "ஓம் ஓம்" என்பார். திரைக்குக் கீழே, அவர் தன்ர கையெழுத்தில் எழுதி ஒட்டின ஒரு துண்டு இருக்கு.

"நிண்டா பயப்பிடாதே. பிரேக்கை விடு. எடுக்காட்டி என்."

வீடியோ கோலில் அதைக் கண்ட அண்ணா கேட்டார், "உதென்ன உதில ஒட்டிக் கிடக்கு? எடுங்கோடா, கார் வடிவு கெட்டுப்போகும்." நீங்கள் லீவில வந்து ஓடேக்கை தேவைப்படும் என்று சொன்னோம். அப்பா பின்னால நிண்டு கேட்டுக்கொண்டு இருந்தார்.